ரான்சமுக்கு ஏற்ற ராடு

எல்வுட்டின் தூண்டில் கடைச் சுவரில் தொங்கும் அந்தப் படத்தை ஓலீட்டா ஃபுல்ச்சர் ஒரு வருடமாக வயிறெரியப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் ரான்சம் ஸ்டோ முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, பெரிய சிவப்புக் கத்தாளை மீன் ஒன்றைப் பிள்ளையை ஏந்துவதுபோல் ஏந்தி, பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறான். அந்த மீன் அவனுடையது அல்ல. ஓலீட்டாவுடையது. அது ஓலீட்டாவுக்குத் தெரியும், ரான்சமுக்குத் தெரியும், அன்றைக்குக் கடல் முனையில் தோளோடு தோள் உரச நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

ஓலீட்டா அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத்து ஹேட்டராஸ் தீவில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே விவாகரத்தும் வாங்கியவள். விடுமுறைக்கு வருகிறவர்களின் வாடகை வீடுகளைச் சுத்தம் செய்வது அவள் பிழைப்பு. சனிக்கிழமை காலையில் ஒரு கூட்டம் கிளம்பும், சாயங்காலம் அடுத்த கூட்டம் வந்து இறங்கும். அந்த இடைவெளிக்குள் படுக்கை விரிப்புகளை உரித்து, குளியல் தொட்டியில் சேர்ந்த மணலை அள்ளி, அடுப்பில் காய்ந்து ஒட்டிய சீஸைச் சுரண்டியாக வேண்டும். ஈரத் துணி மூட்டைகளை மாடியிலிருந்து இறக்கி இறக்கியே அவள் தோளும் முதுகும் மரக்கட்டையாக இறுகியிருந்தன. உயரம் விஷயத்தில் மட்டும் கடவுள் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கே சொந்தம். சர்ச்சுக்குப் போகாமல் முனைக்குப் போவாள். பாஸ்டர் கேட்டால், "இயேசு மொதல்ல கூப்பிட்டதே கரையில நின்ன மீன்காரங்களைத்தான பாஸ்டர்? நான் கரையில ரெடியா நிக்கிறேன்" என்பாள். பாஸ்டரும் அத்தோடு விட்டுவிடுவார்.

முனை என்பது இரண்டு பக்கத்துக் கடலும் வந்து முட்டிக்கொள்ளும் மணல் மூக்கு. இலையுதிர் காலத்தில் வடகிழக்குக் காற்று கிளம்பிவிட்டால் பெரிய கத்தாளைகள் அங்கே மேய வரும். உடனே தீவில் இருக்கிற டிரக்குகள் எல்லாம் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு மணலில் ஊர்ந்து போய்ச் சேரும். ஆட்கள் இடுப்பளவு ரப்பர் கால்சட்டையோடு வேலிக்கம்பு நட்டதுபோல் வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசைக்கு என்று சட்டம் இருக்கிறது. எழுதி வைத்ததில்லை, எழுதி வைத்த சட்டத்தைவிடக் கெட்டியானது. ஒருத்தருக்கு மீன் மாட்டிவிட்டால் மற்றவர்கள் தூண்டில் கம்பான ராடை உயர்த்தி வழிவிட வேண்டும். தூண்டில் நரம்பும் நரம்பும் பின்னிக்கொண்டால் மீன் இல்லாதவர் நரம்பைத் தளர்த்த வேண்டும். மீன் இருக்கிற நரம்பை மட்டும் எவனும் வெட்டக்கூடாது.

போன நவம்பரில் ரான்சம் வெட்டினான்.

அப்போது ஓலீட்டாவிடம் இருந்தது யாரோ வாடகை வீட்டில் மறந்துவிட்டுப் போன தூண்டில் செட். மெல்லிய ராடு, அதில் நரம்பைச் சுற்றிவைக்கும் சுருள் ரீல். சுருள் ரீலில் சக்கரம் சுற்றாது. நரம்பு வளையம் வளையமாக உதிர்ந்து போகும். வீசுவது சுலபம். பக்கக் காற்று அடித்தால் தொல்லை. நரம்பு வில்லாக வளைந்து பக்கத்து ஆளின் எல்லைக்குள் போய்விடும். அன்றைக்கும் அப்படித்தான் அவளுடைய நரம்பு ரான்சமின் நரம்பின்மேல் ஏறியது. அந்த நேரம் பார்த்து மீன் கடித்தது. ராடு கையைப் பிய்த்துக்கொண்டு போகிற கடி. "எனக்குத்தான்! எனக்குத்தான்!" என்று அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே ரான்சம் இடுப்புக் கத்தியை உருவி அவள் நரம்பை அறுத்தான். மீன் அவனுடைய நரம்பில் சுற்றிக்கொண்டு கிடந்தது. சாவகாசமாகச் சுருட்டிக் கரைக்கு இழுத்தான்.

மீனின் வாயில் இருந்தது ஓலீட்டாவின் தூண்டில் முள். தன்னுடைய முள் ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு நூல் சுற்றிக் கட்டுவது அவள் வழக்கம். அலை விளிம்பில் அந்தச் சிவப்பை அவள் கண்ணால் பார்த்தாள். ரான்சம் அதைப் பிடுங்கித் தோளுக்குப் பின்னால் கடலில் எறிந்துவிட்டு, படத்துக்கு நின்றான். பிறகு எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான்:

"ஏம்மா, இந்தப் பொம்மை ரீலை வெச்சுக்கிட்டு எதுக்கு எங்க நடுவுல வந்து நிக்கிற? மரப்பாலத்துல போய் நாற்காலி போட்டு உக்காந்து குட்டி மீன் பிடி. உனக்கு அதுதான் சரி."

மரப்பாலம் என்றால் சுற்றுலா வந்த குடும்பங்கள் ஐஸ்கிரீமும் தூண்டிலுமாக உட்கார்ந்திருக்கும் இடம். வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். வரிசைக்கே மூத்தவரான கேப்டன் டில்மன் சிரிக்கவில்லை. ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டார். ஓலீட்டாவுக்கு அந்தச் சிரிப்பைவிட அவர் கடலைப் பார்த்த இந்தப் பார்வைதான் அதிகம் எரிந்தது.

அதோடு போயிருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். ரான்சமின் தொழில், வெளியூர்க்காரர்களை மீன் பிடிக்கக் கூட்டிப் போவது. சனிக்கிழமைதோறும், சாயங்காலம்வரை பொறுக்காமல் முன்னதாகவே வந்து இறங்குகிறவர்களைப் பிடிக்க வாசல் தளத்தில் வந்து நிற்பான். ஓலீட்டா உள்ளே விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பாள். வெளியே அவன் அந்த மீனின் கதையை அளந்துகொண்டிருப்பான். வாரத்துக்கு வாரம் மீன் வளர்ந்தது. வாரத்துக்கு வாரம் கதையில் வரும் பைத்தியக்காரப் பொம்பளை இன்னும் பைத்தியமானாள். ஓலீட்டா தலையணைக்கு உறை போடுகிற சாக்கில் அதை நாலு குத்துக் குத்துவாள். இவனை முனையிலேயே வைத்து, அதே வரிசைக்கு முன்னால், அவன் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம் என்று முடிவு கட்டினாள்.

குளிர்காலம் வந்து வீடுகள் பூட்டிக்கொண்டதும் எல்வுட்டின் கடைக்குப் போனாள்.

"வாங்க மிஸ் ஓலீட்டா! இரையா?"

"ராடு வேணும். ரீலும். கத்தாளைக்கு."

எல்வுட் நல்ல மனுஷன், ஆனால் வியாபாரி. நேராகப் போய் மிக நீளமான ராடுகளில் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"இதான் இப்ப எல்லாரும் வாங்கறது. எவ்வளவு நீளமோ, எவ்வளவு விறைப்போ, அவ்வளவு தூரம் போகும்."

"நுனியைப் பிடி" என்றாள் ஓலீட்டா. அவன் பிடித்துக்கொள்ள, அவள் அடியைப் பிடித்து வளைத்தாள். ராடு பாதிகூட மடங்கவில்லை. "இது எனக்கு வளையாது. வளையலைன்னா இது எனக்கு வெறும் கம்புதான். அடுத்தது."

அடுத்தது துவண்டது. கனமான ஈயக்குண்டும் இரைக்குக் குத்தும் மடவை மீன் தலையும் சேர்ந்து தொங்கினால் வேகவைத்த நூடுல்ஸாகிவிடும். அதையும் ஒதுக்கினாள். கடை முழுவதையும் தரையில் பரப்பிவிட்டு, கடைசியில் ஒன்றைப் பிடித்தாள். அடிப்பக்கம் கெட்டி, நுனி மட்டும் இணக்கமாக வளைந்து உடனே நிமிர்ந்தது. அதன் அடியை அக்குளில் வைத்துக் கையை நீட்டினாள். ரீல் பூட்டுகிற இடம் விரல் நுனிக்கும் அப்பால் இருந்தது.

"கை எட்டல. அறுக்கணும்."

"எதை?"

"அடிப்பக்கத்தை. ஒரு சாண்."

"ஐயோ, புது ராடு மிஸ் ஓலீட்டா! கேரண்டி போயிடும்!"

"கேரண்டியை வெச்சு நான் என்ன பண்ண? சூப்பா வெக்கிறது? ரம்பம் எங்க இருக்கு?"

எல்வுட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் தானே அறுத்து, விளிம்பைத் தேய்த்து, ரப்பர் மூடியை மாட்டினாள். மறுபடி அக்குளில் வைத்தாள். கை தானாகப் போய் ரீலின்மேல் உட்கார்ந்தது. ரீல் இந்தத் தடவை உருளை ரீல். இதில் சக்கரமே சுழலும். சுழல்கிற சக்கரத்தைக் கட்டைவிரலால் அளந்து அடக்க வேண்டும். அடக்கத் தெரிந்தால் பக்கக் காற்றிலும் நரம்பு நேராகப் போகும். தெரியாவிட்டால் சக்கரம் நரம்பைவிட வேகமாக ஓடி, ரீலுக்குள் நரம்பு சிக்கிக் குருவிக்கூடு கட்டிவிடும்.

புறப்படும்போதுதான் உத்தரத்தில் தூசி படிந்து கிடந்த அந்த நீள ராடு கண்ணில் பட்டது. கறுப்பு உடம்பு, தங்க நிறக் கட்டுகள், அதற்குக் கடையின் அகலமே போதவில்லை.

"அது என்னது?"

"அந்தச் சனியனைக் கேக்காதீங்க. அது கடலுக்கே இல்ல. புல்வெளியில நின்னு ஈயத்தை யார் தூரமா வீசறாங்கன்னு போட்டி நடக்குமே, அதுக்குச் செஞ்சது. தெரியாம வாங்கிட்டேன். கூடவே ஒரு ரீல், பிரேக்கே கிடையாது. சக்கரம் பேய் பிடிச்ச மாதிரி சுத்தும். எவனும் சீந்தல."

ஓலீட்டா அதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். அந்த நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"எல்வுட், அதைத் துடைச்சு வாசலுக்கு நேரா மாட்டு. ஓலீட்டா அது மேல ஒரு கண்ணு வெச்சிருக்கான்னு மட்டும் சொல்லு. அது நிஜம்தான?"

"ரான்சம் வந்து கேட்டா? நான் பொய் சொல்ல மாட்டேன். இது வேலைக்கு ஆகாதுன்னு சொல்லிடுவேன்."

"தாராளமா சொல்லு. 'உனக்கு இது ஆகாது ரான்சம்'னு அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

எல்வுட் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மீன் பிடித்த கதையை அவன் ரான்சம் வாயால் மட்டும் கேட்டவன். ஆனால் மடையன் இல்லை. நேரே போய் ஏணியை எடுத்து வந்தான்.

அடுத்த ஞாயிறு வருமுன் ரான்சம் அதை வாங்கிவிட்டான். எல்வுட் தடுத்துப் பார்த்திருக்கிறான். "உனக்கு ஆகாது" என்று சொன்னதும் ரான்சமுக்குக் காது மடல் சிவந்துவிட்டதாம். ராடு, ரீல் இரண்டையும் கட்டச் சொல்லி, டிரக் கூரையில் கொடிக்கம்பம் மாதிரி வைத்துக்கொண்டு தீவையே ஒரு சுற்றுச் சுற்றினான். ஓலீட்டா காலியாகக் கிடந்த ஒரு வாடகை வீட்டைச் சுத்தம் செய்து வாசலில் மிதியடி உதறிக்கொண்டிருந்தபோது வண்டியை நிறுத்தினான்.

"உன் ராடு என் வண்டியில இருக்கு ஓலீட்டா. ஆசையா இருந்தா ஒரு தடவை தடவிப் பாத்துட்டுப் போயேன்."

"எனக்குக் கொடுத்து வெக்கல ரான்சம். உன் கைக்குன்னே செஞ்சது அது. நீயே அனுபவி" என்றாள். அவன் போன பிறகு உள்ளே ஓடிப்போய், அந்த வீட்டுச் சோபாவில் விழுந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிரித்ததோடு நிற்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கப் பூட்டிய வீடுகளுக்குப் பின்னால், ஆளில்லாத கரையில், ஈயக்குண்டை மட்டும் கட்டி வீசி வீசிப் பழகினாள். சக்கரம் கட்டைவிரல் தோலை உரித்தது. சோப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு மறுநாளும் வந்தாள். ஒவ்வொரு வீச்சுக்கும் ரான்சம் என்று பெயர் சொல்லி வீசினாள். வசந்தம் வருமுன் குருவிக்கூடு கட்டுவது நின்றது. கோடையில் விரல் காய்த்துப்போனது. ரான்சம் தன் புது ராடைப் பழகவே இல்லை. பழகுவதை யாராவது பார்த்தால் கௌரவம் என்ன ஆவது?

நவம்பரில் வடகிழக்குக் காற்று எழுந்தது. விடிந்ததும் முனை நிறைந்தது. ரான்சம் ஓஹையோ மாநிலத்திலிருந்து வந்த தன் வாடிக்கையாளர்கள் இருவரோடு வந்தான். அவர்களைப் பின்னால் நிறுத்தி, "முதல்ல பாத்துக் கத்துக்கங்க" என்றான். ஓலீட்டா அவனுக்கு ஓராள் தள்ளி வந்து நின்றாள். அவள் கையிலிருந்த குட்டை ராடைப் பார்த்ததும் அவனுக்குக் குஷி தாங்கவில்லை.

"என்ன, துணி துவைச்சதுல சுருங்கிடுச்சா?"

வரிசை சிரித்தது. ஓலீட்டா திரும்பி, இழுத்து, வீசினாள். ஈயம் காற்றைக் கிழித்துக்கொண்டு போய் மணல்திட்டுக்கு அப்பால், கறுத்த தண்ணீரில் விழுந்தது. நரம்பு நூல் பிடித்ததுபோல் நேராகக் கிடந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கேப்டன் டில்மன் மட்டும் பல்லில்லாத வாயால் சீட்டி அடிக்கப் பார்த்தார்.

ரான்சமுக்கு அது பொறுக்குமா? வீசும்போது விழும் இழுப்பைத் தாங்குவதற்காக நரம்பின் நுனியில் தடித்த நரம்பு ஒரு துண்டு கட்டுவது வழக்கம். மெல்லியதாகக் கட்டினால் தூரம் கொஞ்சம் கூடும். அறுந்தால் ஈயம் துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். ஓலீட்டாவுக்குமேல் வீசியாக வேண்டும் என்று அவன் மெல்லியதைக் கட்டியிருந்தான். அந்த முட்டாள்தனத்தை யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, ஓலீட்டாகூட. கொடிக்கம்பத்தை முழு மூச்சாகச் சுழற்றினான். ராடு வளையவில்லை. சக்கரம் பேயாக ஓடி, ரீலுக்குள் நரம்பு முடிச்சாக இறுகியது. படீர் என்றது. அறுந்த ஈயம் வரிசைக்குக் குறுக்கே விர்ரென்று பாய, எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். கடைசி ஆளுக்கு முன்னால் தண்ணீர் தெறித்தது.

"ஒண்ணு" என்றார் கேப்டன் டில்மன்.

அதுவும் முனையின் சட்டம்தான். ஒரு தடவை அறுந்தால் மன்னிப்பு. இரண்டாவது தடவை அறுந்தால் அன்றைக்கு அவன் வரிசையில் நிற்கக்கூடாது. ரான்சம் சிக்கை வெட்டி எறிந்துவிட்டு, வியர்க்க வியர்க்க அதே மெல்லிய நரம்பை மறுபடி கட்டினான். பின்னாலிருந்து ஓஹையோக்காரர் ஒருத்தர், "இது வழக்கமா நடக்கறதா சார்?" என்று கேட்டது அவன் காதில் விழுந்தது. கைக்கு அவசரம் கூடியது. இன்னும் வேகமாகச் சுழற்றினான்.

படீர்.

"ரெண்டு" என்றார் கேப்டன். "பின்னால போ ரான்சம்."

"கேப்டன், இந்த எழவு ரீலு..."

"ரீல் தானா வந்து உன் கையில ஏறலையே. பின்னால போ."

அவன் பின்னால் போய் டிரக்கில் சாய்ந்து நின்றான். ஓலீட்டா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் சிரித்துவிடுவாள். அப்போதுதான் ராடு அவள் கையைப் பிய்த்தது.

கத்தாளை தெற்கே ஓடியது. அவளும் அதன் பின்னால் நடந்தாள். ஒவ்வொருவராக ராடை உயர்த்த, அவள் குனிந்து குனிந்து போனாள். எவன் நரம்பும் குறுக்கே வரவில்லை. மீன் ஓடும்போது விட்டாள், ஓயும்போது சுருட்டினாள். தோளில் இருபது வருடத்து ஈர மூட்டை அத்தனையும் உதவிக்கு வந்தது. கடைசியில் அலை விளிம்பில் செப்பு நிற முதுகு புரண்டது. பின்வாங்கும் அலை அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளுமுன் யாராவது இறங்கிப் பிடித்தாக வேண்டும். அதற்கும் வழக்கம் உண்டு: வெறுங்கையாக நிற்கிறவன்தான் இறங்க வேண்டும்.

அன்றைக்கு முனையில் வெறுங்கையாக நின்ற மீன்காரன் ஒரே ஒருத்தன்.

யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லாரும் திரும்பி டிரக்கைப் பார்த்தார்கள். ரான்சம் காது மடல் சிவக்க வந்தான், தண்ணீரில் இறங்கினான், மீனைத் தழுவித் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தான். படத்தில் இருந்த மீனைவிடப் பெரியது. இவ்வளவு பெரிய கத்தாளையை வைத்துக்கொள்ளக் கூடாது, முள்ளைக் கழற்றித் திருப்பி விட்டுவிட வேண்டும். அவன் முள்ளைக் கழற்றினான். முள்ளின் கழுத்தில் சிவப்பு நூல். அவன் கை நின்றுவிட்டது.

"தூக்கி எறியாத" என்றாள் ஓலீட்டா. "எல்லாருக்கும் தெரியற மாதிரி காட்டு. அது யாரோட முள்ளு?"

"என்ன கேள்வி இது? உன்னோடதுதான்."

"போன வருஷம் அந்த மீன் வாயில இருந்தது?"

ஓஹையோக்காரர்கள் இருவரும் கிட்டே வந்து நின்றார்கள். ரான்சம் கேப்டனைப் பார்த்தான். இந்தத் தடவை கேப்டன் கடலைப் பார்க்கவில்லை.

"சொல்லுடா. நானும் அன்னிக்குப் பாத்தேன். வாயை மூடிக்கிட்டு இருந்தேன், அந்த அசிங்கம் என்னோடது. உன்னோடதை நீ சொல்லு."

"அதுவும்..." என்றான் ரான்சம். "அதுவும் அவளோடதுதான்."

"சத்தமா. உன் ஆளுங்களுக்குக் கேக்கல" என்றாள் ஓலீட்டா.

"உன்னோடதுதான்! மீனு உன்னோடதுதான்! போதுமா?"

"போதாது. ஆனா இன்னிக்கு இது இருக்கட்டும்." மீனை அவளே நீரில் நிமிர்த்திப் பிடித்து, அது வாலடித்துப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து கை துடைத்தாள். "மரப்பாலம் இந்நேரம் திறந்திருப்பாங்க ரான்சம். நாற்காலி அவங்களே தருவாங்க."

இந்தத் தடவை வரிசை மொத்தமும் சிரித்தது. ஓலீட்டா சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள். "நீங்க யாரும் சிரிக்க வேணாம். அன்னிக்கும் உங்களுக்குக் கண்ணு இருந்துச்சு." சிரிப்பு அடங்கியது. அவள் மடவைத் தலையை முள்ளில் குத்தி மறுபடியும் வீசினாள்.

மறுநாள் எல்வுட் படத்தைக் கழற்ற ஏணியோடு நின்றான். அவள் விடவில்லை. "அதை எடுத்தா எல்லாரும் மறந்துடுவாங்க. தொங்கட்டும்" என்று சொல்லி, சிவப்பு நூல் சுற்றிய முள்ளைப் படத்தின் ஆணியிலேயே மாட்டினாள். அன்றிலிருந்து ரான்சம் இரை வாங்க அடுத்த ஊருக்குப் போகிறான். கறுப்பு ராடைக் குப்பைத் தொட்டியில் செருகிவிட்டான் என்று கேள்விப்பட்டதும் ஓலீட்டா போய் எடுத்து வந்தாள். இப்போது அது அவள் வீட்டு முற்றத்தில் துணிக்கொடிக்கு முட்டுக்கம்பாக நிற்கிறது, வாடகை வீட்டு விரிப்புகளைத் தாங்கிக்கொண்டு. முற்றம் சாலையை ஒட்டியிருக்கிறது. இந்தத் தீவில் இருப்பது ஒரே சாலை. ரான்சம் எங்கே போவதானாலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.